நெசவு கிராப்புக்கு 64 பட்டனா, 24,000 கட்டமா? இருபரிமாண அரேயை நிரப்பும் வழிகள்

நகரி, ஏகாம்பரகுப்பம் பக்கம் யார் வீட்டு வாசலில் நின்று பேசினாலும் பின்னால் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஊர் ஆந்திராவின் சித்தூர் மாவட்டம். வீட்டுக்குள் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது எல்லைக்கோடு எங்களுக்குத் தெற்கே விழுந்தது. உறவுகள் மட்டும் கோட்டுக்கு இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.

அம்மையார்குப்பத்தில் இருக்கும் என் பெரியப்பா ஜக்கார்டு தறிக்கு, அதாவது ஓட்டை போட்ட அட்டைகளை வைத்துப் பூ நெய்யும் தறிக்கு, கிராப் போடுபவர். கட்டம் போட்ட தாளை விரித்து வைத்து, பென்சிலால் ஒவ்வொரு கட்டமாக நிரப்புவார். நிரம்பிய கட்டத்துக்கு அட்டையில் ஓட்டை விழும். ஓட்டை உள்ள இடத்தில் கொக்கி மேலே போகும், கொக்கியோடு பாவு நூலும் (நீளவாக்கில் ஓடும் நூல்) தூக்கும். தாளில் ஒரு வரிசை என்றால் ஓர் அட்டை, ஓர் ஊடை (குறுக்கே போகும் நூல்). குறுக்கே எண்ணினால் கொக்கி. இதைத்தான் கணினிப் பாடத்தில் இருபரிமாண அரே என்கிறோம். பெரியப்பாவிடம் அப்படிச் சொன்னால் அவருக்குப் புரியாது, ஆனால் எங்கள் குடும்பத்திலேயே அதை அதிகமாகக் கையாண்டவர் அவர்தான்.

சித்தப்பா பையன் கணினிப் படிப்பில் இரண்டாம் ஆண்டு. கல்லூரியில் ஒரு பயிற்சி கொடுத்திருந்தார்கள்: 8-க்கு 8 பட்டன்கள், அவை ஓர் இருபரிமாண அரேயில் இருக்க வேண்டும், அழுத்தினால் நிறம் மாற வேண்டும். அவன் ஓட்டிப் பார்த்து, முதல் நொடியிலேயே நின்றுபோய், எனக்கு போன் செய்தான். அதைச் சரிசெய்ததும் அடுத்த கேள்வி வந்தது. “அண்ணா, இதையே பெரிசா பண்ணினா பெரியப்பாவுக்கு ஆகும் இல்ல?”

ஆகும். ஆனால் 64 பட்டனுக்குச் சரியாக இருக்கும் வழி பெரிய கிராப்பில் வரும் 24,000 கட்டத்துக்குச் சரிவராது. எதற்கு எந்த வழி என்று நாங்கள் இருவரும் உட்கார்ந்து பார்த்ததைத்தான் கீழே எழுதுகிறேன். பெரும்பாலும் சி ஷார்ப் மொழி, அதில் ஜன்னல், பட்டன் எல்லாம் அமைக்க உதவும் விண்டோஸ் ஃபார்ம்ஸ் வைத்துப் பேசுகிறேன். ஜாவா, பைத்தான் வேறுபடும் இடத்தில் அதையும் சொல்கிறேன்.

முதலில் அவன் புரோகிராம் ஏன் நின்றது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் இது எல்லோருக்கும் நடக்கும். 8-க்கு 8 அளவில் பட்டன் அரே ஒன்றை உருவாக்கினால் பட்டன்கள் உருவாவதில்லை. பட்டன் வைக்க 64 காலி இடங்கள் உருவாகின்றன. ஒவ்வோர் இடத்திலும் ‘நல்’ (null, ‘எதுவும் இல்லை’ என்ற குறி) உட்கார்ந்திருக்கும். அதன் நிறத்தை மாற்று என்றால் இல்லாத பொருளின் நிறத்தை மாற்றச் சொன்னதாகிவிடும், புரோகிராம் நின்றுவிடும். ஜாவாவிலும் இதே கதைதான். எண்களின் அரே என்றால் தொடக்கத்திலேயே எல்லாம் 0 ஆக இருக்கும். அந்தப் பழக்கத்தில் பட்டனும் தானாக வந்துவிடும் என்று நினைத்துவிடுகிறோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் ‘புதிய பட்டன்’ என்று ஒரு தடவை சொல்லியே ஆக வேண்டும்.

கையால் இழுத்துப் போட்டுப் பிறகு அரேயில் சேர்ப்பது

டிசைனரை (ஜன்னலை மவுஸால் வடிவமைக்கும் திரை) திறந்து, ஒரு பட்டனை இழுத்துப் போட்டு, அதை நகல் எடுத்து 64 ஆக்குவது முதல் வழி. கண்ணுக்கு உடனே தெரியும் என்பதால் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு இதுதான் பிடிக்கும். பட்டன்களுக்கு 1 முதல் 64 வரை எண் வைத்த பெயர்கள் தாமாக அமையும். அப்புறம் அவற்றை அரேக்குள் எப்படிக் கொண்டுபோவது?

ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதினால் 64 வரி. 3-க்கு 3 என்றால் அப்படி எழுதுவதில் தப்பே இல்லை. புள்ளி வைத்து விளையாடும் ஒரு சின்ன விளையாட்டுக்கு 9 வரி எழுதுவது, லூப்பில் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளை) யோசிப்பதைவிடச் சீக்கிரம் முடியும். 64 வரை போனால் கை சோர்ந்து, 37-ஐ இரண்டு தடவை எழுதி 38-ஐ விட்டுவிடுவோம். அந்தத் தப்பைக் கம்பைலர் பிடிக்காது.

ஃபார்மில் (புரோகிராமின் ஜன்னல்) உள்ள பட்டன் போன்ற எல்லாக் கண்ட்ரோல்களையும் வரிசையாக எடுத்து, பட்டனாக இருப்பவற்றை மட்டும் அரேயில் போடலாமே என்று தோன்றும். செய்து பார்த்தால் அரே தலைகீழாக நிரம்பும். டிசைனரில் கடைசியாகப் போட்ட பட்டன் மேலடுக்கில் இருப்பதாகக் கணக்கு, அதனால் பட்டியலில் அதுதான் முதலில் வரும். அதாவது 64-ஆம் பட்டன் இடதுமேல் மூலைக்குரிய இடத்தில் போய் உட்காரும். சரி, பெயர்ப்படி வரிசைப்படுத்துவோம் என்றால், எழுத்து வரிசையில் 1-க்கு அடுத்து 10 வரும், 11 வரும், 19 வரை போய் அப்புறம்தான் 2 வரும். பெயரை 01, 02 என்று வைத்திருந்தால் தப்பிக்கலாம், ஆனால் டிசைனர் அப்படி வைப்பதில்லை.

இந்த வழியில்தான் போயாக வேண்டும் என்றால் எனக்குத் தெரிந்து நம்பகமானது ஒன்றுதான். பட்டன்களை ஒரு தனிப் பேனலில் (ஜன்னலுக்குள் இருக்கும் ஒரு பெட்டி) வைத்து, முதலில் மேலிருந்து எவ்வளவு தூரம், அது சமமானால் இடமிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்து வரிசைப்படுத்தி, 8 எட்டாகப் பிரிப்பது. கண்ணில் தெரியும் ஒழுங்கும் அரேயில் இருக்கும் ஒழுங்கும் ஒன்றாகிவிடும். அதிலும் ஒரு பட்டனைக் கையால் நகர்த்தும்போது ஒரு புள்ளி மேலே போய்விட்டால், அது தன் வரிசையின் தலைக்கு வந்துவிடும். 3-க்கு 3-ஐத் தாண்டினால் இந்த வழியே வேண்டாம் என்று தம்பியிடம் சொன்னேன்.

பழைய விசுவல் பேசிக் 6-இல் படித்தவர்களுக்கு கண்ட்ரோல் அரே நினைவிருக்கும். டிசைனரிலேயே ஒரே பெயரில் பல பட்டன்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எல்லாவற்றுக்கும் ஒரே கிளிக் நிகழ்வு, எந்த எண் என்று அதுவே சொல்லும். டாட்நெட் வந்தபோது அது போய்விட்டது. அது ஒருபரிமாணம்தான், ஆனால் எண்ணை 8-ஆல் வகுத்தால் ஈவு வரிசை, மீதி பத்தி. 29 என்றால் 3-ஆம் வரிசை, 5-ஆம் பத்தி, 0-இலிருந்து எண்ணினால். இந்த ஈவு–மீதிக் கணக்கு இன்றைக்கும் பல இடங்களில் உதவுகிறது. ஒரே எண்ணைச் சுமந்துகொண்டு போனால் போதும், இரண்டு வேண்டியதில்லை.

லூப்பில் உருவாக்குவது

நடுத்தர அளவுக்கு இதுதான் வழி. எலும்புக்கூடு இப்படி இருக்கும்:

வரிசை = 0 முதல் 7 வரை
  பத்தி = 0 முதல் 7 வரை
    ப = புதிய பட்டன்
    ப.இடம் = (பத்தி × அகலம், வரிசை × உயரம்)
    ப.குறிப்பு = (வரிசை, பத்தி)
    ப.கிளிக் = அழுத்தியபோது
    கட்டங்கள்[வரிசை, பத்தி] = ப
    பேனலில் ப-வைச் சேர்

கடைசி இரண்டு வரிகளையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்று அரேயில் வைக்கிறது, இன்னொன்று திரையில் வைக்கிறது. இரண்டும் தனித்தனி வேலை. அரேயில் மட்டும் வைத்தால் பட்டன் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பேனலில் மட்டும் சேர்த்தால் தெரியும், ஆனால் பிறகு 3-ஆம் வரிசை 5-ஆம் பத்தியை நீலமாக்கு என்று கூப்பிட வழி இருக்காது.

‘இடம்’ என்ற வரியில் பத்தி முதலில் வருகிறது, வரிசை பிறகு. அரேயில் வரிசை முதலில், பத்தி பிறகு. திரையில் கிடைமட்ட அளவை முதலில் சொல்வது வழக்கம், அதனால்தான் இந்த மாற்றம். இதைக் குழப்பிக்கொண்டதில் நான் பட்டதைச் சொல்கிறேன். முன்பு ஒரு தடவை, பெரியப்பாவுக்காக 48-க்கு 48 அளவில் மாங்காய் புட்டா (துணியில் வரும் சின்ன உருவம்) ஒன்றை இப்படி ஒரு சின்ன புரோகிராமில் போட்டேன். திரையில் மாங்காய் நிமிர்ந்து நின்றது. அட்டை குத்துவதற்கான பட்டியலை எழுதும் இடத்தில் மட்டும் [வரிசை, பத்தி] என்பதை [பத்தி, வரிசை] என்று எழுதிவிட்டேன். 48-க்கு 48 சதுரம், எல்லை தாண்டவில்லை, பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. 48 அட்டையும் குத்தி, கட்டி, தறியில் ஏற்றி ஒரு சாண் நெய்த பிறகுதான் தெரிந்தது: மாங்காய் படுத்துக்கொண்டிருந்தது. பாவு ஊடையாகி, ஊடை பாவாகியிருந்தது. பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை, அட்டைகளை அவிழ்த்து ஓரமாக வைத்தார். அந்த அமைதிதான் இன்னும் உறுத்துகிறது.

அதிலிருந்து எந்தக் கட்டமைப்பையும் நான் சதுரத்தில் சோதிப்பதில்லை. 5-க்கு 9 என்று வைத்துத்தான் முதலில் ஓட்டுவேன். வரிசையும் பத்தியும் இடம் மாறியிருந்தால் அரே எல்லை தாண்டி உடனே கத்திவிடும். தம்பியின் பயிற்சி 8-க்கு 8. அதையும் 5-க்கு 9 ஆக்கி ஓட்டிப் பார், பிறகு 8-க்கு 8 ஆக்கிக் கொடு என்றேன்.

லூப்பில் அடுத்த பள்ளம் கிளிக் நிகழ்வு. ‘குறிப்பு’ எதற்கு, லூப்பில் இருக்கும் வரிசை, பத்தி என்ற வேரியபிள்களையே கிளிக் செயலுக்குள் எழுதிவிடலாமே என்று தோன்றும். எழுதலாம், கம்பைல் ஆகும், திரையில் 64 பட்டனும் அழகாக நிற்கும். அழுத்தினால் மட்டும் விபரீதம். கிளிக் செயல் வேரியபிளின் மதிப்பை எடுத்து வைத்துக்கொள்வதில்லை, வேரியபிளையே பிடித்துக்கொள்கிறது. நாம் அழுத்தும்போது லூப் எப்போதோ முடிந்திருக்கும். சி ஷார்ப்பில் லூப் முடிந்ததும் இரண்டும் 8 ஆக நிற்கும். ஆக எந்தப் பட்டனை அழுத்தினாலும் [8, 8], எல்லைக்கு வெளியே, புரோகிராம் நிற்கும். பைத்தானில் அதே தப்பைச் செய்தால் கடைசி மதிப்பு 7-இல் நிற்கும். எதை அழுத்தினாலும் வலதுகீழ் மூலைக் கட்டம்தான் நிறம் மாறும். பிழைச் செய்தி இல்லாததால் பைத்தானில் கண்டுபிடிக்க இன்னும் நேரம் எடுக்கும். ஜாவா இங்கே கறார்: மாறக்கூடிய வேரியபிளை உள்ளே விடமாட்டேன் என்று கம்பைலரே தடுத்துவிடும். ஜாவாஸ்கிரிப்டில் பழைய ‘வார்’ என்று அறிவித்தால் இந்தத் தப்பு வரும், ‘லெட்’ என்று அறிவித்தால் வராது.

தீர்வு எளிது. லூப்பின் உள்ளே புதிதாக இரண்டு வேரியபிள் வைத்து, மதிப்பை அவற்றில் நகல் எடுத்து, அந்த நகலைக் கிளிக்குக்குக் கொடுக்கலாம். பைத்தானில் லாம்டாவின் (பெயரில்லாத சின்னச் செயல்) முன்னிருப்பு மதிப்பாகக் கொடுக்கலாம். எனக்குப் பிடித்தது மேலே எழுதியதுதான். பட்டனிலேயே அதன் முகவரியை ஒட்டிவைத்துவிட்டு, எல்லாப் பட்டனுக்கும் ஒரே கிளிக் செயலைக் கொடுப்பது. அழுத்தப்பட்ட பட்டன் எது என்று செயலுக்கு வரும், அதன் குறிப்பைப் படித்தால் வரிசையும் பத்தியும் கிடைக்கும். விண்டோஸ் ஃபார்ம்ஸில் இதற்கென்றே டேக் என்ற பண்பு இருக்கிறது.

பைத்தானில் எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. எட்டு ‘நன்’ (None, பைத்தானின் ‘நல்’) கொண்ட ஒரு வரிசையை எட்டால் பெருக்கி இருபரிமாண அரே செய்கிறார்கள். பார்க்க 8-க்கு 8 போல இருக்கும். உண்மையில் ஒரே வரிசையை எட்டு பெயரில் கூப்பிடுகிறோம். ஒவ்வொரு வரிசையை நிரப்பும்போதும் முந்தைய வரிசையின் பட்டன்கள் மேலெழுதப்பட்டு, கடைசியில் எஞ்சுவது கடைசி வரிசையின் எட்டுப் பட்டன்கள் மட்டும். திரையில் 64-ம் இருக்கும். முதல் வரிசையில் ஒன்றை அழுத்தினால் கடைசி வரிசையில் நிறம் மாறும். வரிசைக்கு ஒரு புதிய பட்டியலை லூப்பிலேயே உருவாக்கினால் சரியாகிவிடும்.

இடத்தை நாம் கணக்கிடுவதா, லேஅவுட்டிடம் விடுவதா

அகலத்தால் பெருக்கி நாமே இடம் வைப்பது எளிது. ஜன்னலைப் பெரிதாக்கினால் பட்டன்கள் பெரிதாகாது என்பதுதான் குறை. பட்டன்களைத் தானாக அடுக்கும் லேஅவுட்டிடம் விட்டால் அது பார்த்துக்கொள்ளும்.

ஜாவாவின் கிரிட்லேஅவுட் வரிசையாகச் சேர்க்கச் சேர்க்க, இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் அடுக்கிக்கொண்டு போகும். அதற்கு அரே பற்றி எதுவும் தெரியாது. இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. வரிசை, பத்தி இரண்டையும் கொடுத்தால், வரிசை எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு பத்தி எண்ணை ஒதுக்கிவிடும். எத்தனை பட்டன் சேர்ந்திருக்கிறது என்று எண்ணி, அதற்கேற்ப பத்தியை அதுவே முடிவு செய்யும். 8 வரிசை 12 பத்தி என்று சொல்லி 96 பட்டன் சேர்த்தால் சரியாக நிற்கும். அதே பேனலில் ‘சேமி’ என்று ஒரு பட்டனைச் சேர்த்துவிட்டால் 97. இப்போது 13 பத்தியாகிவிடும். ஒவ்வொரு வரிசையும் ஒரு கட்டம் தள்ளித் தள்ளி, கிராப் முழுவதும் சாய்ந்துவிடும். கட்டங்களுக்குத் தனிப் பேனல் வையுங்கள், வேறு எதையும் அதில் சேர்க்காதீர்கள்.

விண்டோஸ் ஃபார்ம்ஸின் டேபிள் லேஅவுட் பேனலில் வரிசை, பத்தி சொல்லியே வைக்கலாம், பைத்தானின் ஜன்னல் கருவியான டிகிண்டரின் கிரிட்டும் அப்படித்தான். இந்த இரண்டிலும் அரே முகவரியும் திரை முகவரியும் ஒத்துப்போகும். ஆனால் டேபிள் லேஅவுட் பேனல் பட்டன்கள் கூடக்கூட மெதுவாகும். நூற்றுக்கணக்கில் சேர்ப்பதானால் சேர்ப்பதற்கு முன் லேஅவுட்டை நிறுத்திவைத்து, முடிந்தபின் திரும்ப விட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு பட்டனுக்கும் முழுக் கணக்கையும் திரும்பப் போடும், திரை துடிதுடிக்கும்.

கிராப் எங்கே இருக்கிறது?

தம்பி முதலில் எழுதியதில் பட்டனின் நிறம்தான் எல்லாம். கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் பட்டன் நீலமா என்று பார்ப்பான். சேமிக்க வேண்டுமானால் 64 பட்டனின் நிறத்தையும் படிப்பான். பயிற்சிக்கு இது போதும். பெரியப்பாவின் வேலைக்கு வைத்துப் பார்த்தபோதுதான் இடித்தது.

கரைக்கு ஒரு பூ போட்டால், அதன் கண்ணாடிப் பிம்பம் வேண்டும் என்பார். பட்டன் அரேயில் இதைச் செய்யத் தம்பி பட்டன்களையே இடம் மாற்றினான், அரேயில் மட்டும். திரையில் பட்டன்கள் இருந்த இடத்திலேயே இருந்தன, ஒவ்வொன்றின் குறிப்பிலும் பழைய முகவரி. அடுத்து அழுத்திய எல்லாமே தப்பான கட்டத்தில் விழுந்தது. இரண்டு மணி நேரம் அதிலேயே போயிற்று.

நிரம்பியதா இல்லையா என்பதற்கு ஆம்–இல்லை மதிப்புகளுக்கென்று தனியாக ஓர் இருபரிமாண அரே வைப்பதுதான் இதற்கு மருந்து. கிளிக் செய்தால் முதலில் அந்த மதிப்பு மாறும், பிறகு பட்டன் அந்த மதிப்பைப் பார்த்து நிறம் பூசிக்கொள்ளும். கண்ணாடிப் பிம்பம் என்றால் மதிப்புகளை மட்டும் இடவலமாகத் திருப்பு, பிறகு எல்லாப் பட்டனையும் புதுப்பி. சேமிப்பது என்றால் 0, 1 என்று வரிக்கு வரி ஒரு கோப்பில் எழுது. ஒரு படி பின்னால் போக வேண்டுமானால் பழைய மதிப்பு அரேயை நகல் வைத்திருந்தால் போதும். பட்டன்களை யாரும் தொட வேண்டியதில்லை.

பெரியப்பாவிடம் இருபது வருடத்து கிராப் தாள்கள் சுருட்டிச் சுருட்டி ஒரு தகர டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன. அட்டைகள் நைந்துபோய்த் தூக்கிப் போட்டாயிற்று, துணிகள் விற்றுப் போயின. டிசைன் என்று கேட்டால் தாளைத்தான் எடுப்பார். இதைச் சொன்னதும் தம்பிக்கு உடனே பிடிபட்டது: மதிப்பு அரே தாள், பட்டன்கள் அட்டை.

இரண்டு அரே வைப்பது கூடுதல் வேலை இல்லையா என்று கேட்டான். ஒரு வரி கூடுதல். பட்டன் அரே இன்னும் தேவைதான், ஏனென்றால் மதிப்பு மாறினால் எந்தப் பட்டனுக்கு நிறம் பூசுவது என்று தெரிய வேண்டும். ஆனால் அது இப்போது ஒரு முகவரிப் புத்தகம் மட்டும்.

பட்டனே வேண்டாம் என்கிற இடம்

அளவைப் பார்ப்போம். 120 கொக்கி ஜக்கார்டில் 80 அட்டைக்கு ஒரு கரை என்றால் 9,600 கட்டம். 240 கொக்கி, 100 அட்டை என்றால் 24,000. விண்டோஸ் ஃபார்ம்ஸில் ஒவ்வொரு பட்டனும் இயங்குதளத்தின் கணக்கில் ஒரு ஜன்னல், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹேண்டில் (இயங்குதளம் தரும் அடையாள எண்). ஒரு புரோகிராமுக்கு இயல்பாக 10,000 வரைதான் விண்டோஸ் கொடுக்கும். 9,600 பட்டன் என்றால் வாசற்படியில் நிற்கிறோம். 24,000 என்றால் பாதி வழியிலேயே ஹேண்டில் உருவாக்க முடியவில்லை என்று பிழை வரும். டிகிண்டரும் விண்டோஸில் ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு ஜன்னல் வாங்கும். ஜாவா ஸ்விங் பட்டன்கள் இந்த வரம்பில் மாட்டாது, அவை தங்களைத் தாங்களே வரைந்துகொள்பவை. ஆனாலும் 24,000 பொருளை உருவாக்கி அடுக்கும் சுமை இருக்கிறது.

எண்ணிக்கையைவிடப் பெரிய காரணம் எனக்கு இன்னொன்று தெரிந்தது. பெரியப்பா கிராப் போடும்போது கவனித்திருக்கிறேன். அவர் ஒரு கட்டத்தைத் தொட்டுவிட்டு அடுத்த கட்டத்தைத் தொடுவதில்லை. பென்சிலை எடுக்காமல் ஏழெட்டுக் கட்டத்தை ஒரே இழுப்பில் நிரப்புவார். பட்டன்களில் அது நடக்காது. ஒரு பட்டனில் மவுஸை அழுத்திப் பிடித்ததும் மவுஸ் அந்தப் பட்டனுக்கே சொந்தமாகிவிடும். விடும் வரை மற்ற பட்டன்களுக்கு மவுஸ் வந்ததே தெரியாது. ஒரு பூவுக்கு 600 கட்டம் என்றால் 600 கிளிக். 60 வயதைத் தாண்டிய கைக்கு அது வேலை இல்லை, தண்டனை.

ஆகவே ஒரே பேனல். மதிப்பு அரேயைப் பார்த்து கட்டங்களை நாமே வரைவது. மவுஸ் இருக்கும் இடத்தைக் கட்டத்தின் அகலத்தால் வகுத்தால் பத்தி, உயரத்தால் வகுத்தால் வரிசை. அழுத்திய மவுஸ் நகரும்போதெல்லாம் இதே கணக்கைப் போட்டு அந்தக் கட்டத்தை நிரப்பு. ஒரு சின்ன எச்சரிக்கை: இழுத்துக்கொண்டே பேனலுக்கு இடப்பக்கம் வெளியே போனால் மவுஸ் இடம் எதிர்ம எண்ணாகும். சி ஷார்ப்பில் −3-ஐ 12-ஆல் முழுஎண் வகுத்தல் செய்தால் 0 வரும், முதல் பத்தி தானாக நிரம்பும். வகுப்பதற்கு முன்பே எதிர்மமா என்று பார்த்துவிட வேண்டும். மாறிய கட்டத்தை மட்டும் திரும்ப வரையச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வோர் அசைவுக்கும் 24,000 கட்டமும் வரையும். திரை மினுக்காமல் இருக்க இரட்டை பஃபர் (மறைவில் வரைந்து முடித்து ஒரே தடவையில் காட்டுவது) வேண்டும். சாதாரணப் பேனலில் அதை வெளியிலிருந்து இயக்க முடியாது, பேனலின் வழியில் ஒரு சொந்த வகுப்பு (கிளாஸ்) எழுதி அதற்குள் இயக்க வேண்டும்.

இழப்பும் உண்டு. பட்டன்கள் என்றால் டேப் விசையில் நகரலாம், ஸ்பேஸ் விசையில் அழுத்தலாம், பார்வையற்றோருக்கான திரைவாசிப்பான் அதைப் பட்டன் என்று சொல்லும். நாமே வரைந்த பேனலில் இது எதுவும் இலவசமாக வராது. அம்பு விசைகளுக்கு நாமேதான் எழுத வேண்டும். பலபேர் பயன்படுத்தும் சிறிய கட்டமைப்பு என்றால் இந்தக் காரணத்துக்காகவே நான் பட்டன்களில் நிற்பேன்.

நடுவில் டேட்டாகிரிட்வியூ என்று, விண்டோஸ் ஃபார்ம்ஸின் அட்டவணைக் கட்டம் ஒன்று இருக்கிறது. கட்டங்கள் தனி ஜன்னல்கள் அல்ல, அதனால் 24,000 தாங்கும், அம்பு விசைகளும் வேலை செய்யும். தம்பிக்கு இது பிடித்திருந்தது. அரை நாளில் ஓடவைத்தான். எழுத்துப் பத்திகளின் தலைப்பை அழுத்தினால் வரிசைகளை அது தானாக வரிசைப்படுத்திவிடும், அதை நிறுத்த மறந்தால் ஒரே கிளிக்கில் அட்டைகள் எல்லாம் கலைந்துபோகும். அதை நிறுத்தினான். ஆனால் இழுத்து நிரப்புவது அதிலும் தேர்வு செய்வதாக ஆகிக்கொண்டே இருந்தது. விலைப்பட்டியல் போன்ற வேலைக்கு அது அருமை, கிராப்புக்குப் பொருந்தவில்லை.

வலைப்பக்கமாகச் செய்வதானால் 64 பட்டனுக்குத் தனித்தனிக் கிளிக் வைக்காமல், அவற்றைச் சுற்றியுள்ள பெட்டிக்கு ஒன்றே ஒன்று வைத்து, அழுத்தப்பட்டது எது என்று கேட்டுக்கொள்வது நல்லது. பெரிய கிராப்புக்கு அங்கேயும் கேன்வாஸில் வரைவதுதான்.

நாங்கள் எடுத்தது

கல்லூரிப் பயிற்சிக்கு லூப், டேக், தனி மதிப்பு அரே. 8-க்கு 8-க்கு மதிப்பு அரே தேவையில்லை என்று ஆசிரியர் சொல்லலாம், ஆனாலும் அவனை வைக்கச் சொன்னேன். ஏனென்றால் பெரியப்பாவின் புரோகிராமுக்கு மாறும்போது அந்த அரே அப்படியே வந்தது, கண்ணாடிப் பிம்பமும் சேமிப்பும் ஒரு வரி மாறாமல் வந்தன. பட்டன் பகுதியை மட்டும் எடுத்துவிட்டு வரையும் பேனலை வைத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியை எடுத்துக்கொண்டு அம்மையார்குப்பம் போனோம். பெரியப்பா மவுஸை இழுத்து ஒரு கொடி போட்டார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, திரையின் கீழ் ஓரத்தில் விரலை வைத்து மேல்நோக்கி எண்ண ஆரம்பித்தார். “ஒன்னு, ரெண்டு, மூணு…” நிறுத்தி, பக்கத்தில் ஓடிய எண்களைப் பார்த்தார். “முதல் அட்டையை ஏம்ப்பா உச்சியிலே வெச்சிருக்கீங்க?”

தறியில் முதல் ஊடைதான் கீழே விழும், அதன்மேல் அடுத்தது. கிராப் தாளில் முதல் வரிசை அடியில் இருக்கும். எங்கள் இருவருக்கும் 0 என்றால் திரையின் உச்சி. தம்பி அங்கேயே உட்கார்ந்து, வரையும் இடத்திலும் மவுஸ் கணக்கிலும் வரிசைக்குப் பதில் (மொத்த வரிசை − 1 − வரிசை) என்று மாற்றினான். மதிப்பு அரேயைத் தொடவில்லை. பெரியப்பா திரும்பவும் கீழிருந்து எண்ணினார். இருபது வரை எண்ணிவிட்டு, விரலை எடுக்காமலே, “இப்ப அந்த மாங்காயைப் போடு பார்க்கலாம்” என்றார்.